கீழ் டிராயரில் வைத்த கிரைண்டர்

மச்சான்,

இன்று காலை கராஜ் கேபினட்டின் கீழ் டிராயர் திறந்துகொண்டது. சாவியும் இல்லை, கடப்பாரையும் இல்லை. மேல் டிராயரை இழுக்கச் சிரமமாக இருக்கிறதே, எண்ணெய் போடலாம் என்று அதிலிருந்த ஸ்பேனர்களை எல்லாம் தரையில் கொட்டிவிட்டு, காலி டிராயரை உள்ளே தள்ளினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சும்மா கீழே கை வைத்துப் பார்த்தேன், வந்துவிட்டது. கிரீஸும் பழைய காகிதமும் கலந்த வாடை. உள்ளே இரும்பு அறுக்கும் என் கிரைண்டர், நீ வயரைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு வைத்தபடியே இருந்தது.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் குணம் உனக்குத் தெரியாததா? லாபு எஸ்டேட்டில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தோம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை இன்னொரு கிளினிக்கில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் விழுங்குவேன். எஸ்டேட் ஆபீஸை மூடியபோது, இடுப்பளவு உயரமுள்ள அந்த இரண்டு இரும்பு கேபினட்டுகளை உன் லோரியில் ஏற்றிக்கொண்டு நேரே என் கராஜுக்கு வந்தாய்.

“சும்மாவா குடுத்தாங்க?” என்றேன்.

“சும்மாதான் லா. ஆபீஸ் கிராணியே ஏத்திக்கிட்டுப் போன்னு சொல்லிட்டாரு.”

“சும்மா எவன் குடுப்பான்? உள்ள என்னமோ இருக்கு.”

“துருதான் இருக்கு.”

அப்படியும் நான் டார்ச் அடித்து ஒவ்வொரு டிராயராகப் பார்த்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துருவைச் சுரண்டினாய், பெயிண்ட் அடித்தாய், பிளைவுட் வெட்டித் தடுப்பு வைத்தாய். டிராயர்களில் ஒட்டியிருந்த பழைய ஆபீஸ் சீட்டுகளை மட்டும் கிழிக்க விடவில்லை. மலாய் மொழியில் ‘நோய் விடுப்பு’ என்று எழுதியிருந்த டிராயரில் உடைந்த திருப்புளி, பல்லுப் போன ரம்பம் எல்லாவற்றையும் போட்டு, “இவங்க எல்லாம் எம்.சி. எடுத்திருக்காங்க” என்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரி, உன் தங்கை, சொன்னாள் என்பதற்காக உனக்கும் ஒரு கராஜ் சாவி கொடுத்தேன், மனமில்லாமல்தான்.

பிறகு ஒருநாள் கிரைண்டரைத் தேடினேன், காணோம். உனக்கு போன் போட்டேன்.

“மொத கேபினட்ல, கீழ் டிராயர்ல வச்சிருக்கேன் மச்சான். மேல நல்லா அழுத்தி மூடு, கீழ தொறக்கும்.”

மேல் டிராயர் மூடித்தான் இருந்தது, என் கண்ணுக்கு. அழுத்தினேன், கீழே இழுத்தேன், அசையவில்லை. மேலே மூடினால் கீழே திறக்குமாம், யாரிடம் கதை விடுகிறாய் என்று நினைத்தேன். கிரைண்டரை விற்றுவிட்டாய், டிராயரைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாய். ஐந்தே நிமிடத்தில் விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

இன்றுதான் புரிகிறது. ஒரு டிராயர் விரற்கடை வெளியே நின்றாலும் மற்றது திறக்காதபடி உள்ளே ஒரு கம்பி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக இழுத்து, கேபினட் ஆள்மேல் சாய்ந்துவிடக் கூடாதே என்று வைத்திருக்கிறார்கள். காகிதம் வைக்கச் செய்த டிராயரில் நான் இரும்பாக அடைத்திருந்தேன். பாரத்தில் அது முழுதாக உள்ளே போகவே இல்லை. நீ மூடும்போதெல்லாம் முழங்காலால் ஓர் இடி கொடுப்பாய். கேபினட்டை உடைக்கிறாய் என்று அதற்கும் திட்டியிருக்கிறேன்.

வந்து திறந்து காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உடைத்தாவது பார்த்திருக்கலாம். உடைத்து, உள்ளே கிரைண்டர் இருந்துவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? சந்தேகப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. கராஜ் பூட்டை மாற்றினேன். “உங்க அண்ணன் வந்தா சாமான் ஜாக்கிரதை” என்று உன் தங்கையிடமே சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு நீ வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியை நுழைத்துத் திருப்பினாய். வெளியே எடுத்துப் பார்த்தாய், சட்டையில் துடைத்து மறுபடி நுழைத்தாய். பிறகு, வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை கேட்டில் மாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். நான் கூப்பிடவில்லை. தப்பு செய்தவன், அதனால்தான் வாயைத் திறக்காமல் போகிறான் என்று அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு கல்யாணம் காட்சியில் பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்பதோடு சரி. நெஞ்சு வலி என்று உன்னைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். உன்னைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். தோளில் உன் பாரம் இருந்தபோதுகூட, அந்தக் கிரைண்டரை யாரிடம் விற்றிருப்பான் என்று ஒரு நினைப்பு ஓடியது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

கிரைண்டரைக் கொண்டுபோய் அடுப்படி மேசையில் வைத்தேன். உன் தங்கை கையைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“கீழ் டிராயர்ல இருந்துச்சு. உங்க அண்ணன் சொன்ன எடத்துலயே. என் மேலதான் தப்பு.”

வயரில் இருந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்.

“பூட்ட ஏன் மாத்துனீங்கன்னு அண்ணன் எனக்கு போன் பண்ணிக் கேட்டுச்சு. பழசு துருப்புடிச்சிருச்சு, புதுச் சாவி குடுக்க நீங்க மறந்துட்டீங்கன்னு சொன்னேன்.”

“நம்பிச்சா?”

“நம்பிருச்சு” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள்.

நம்பியிருந்தால், அந்தப் புதுச் சாவியை ஒருமுறையாவது நீ கேட்டிருப்பாயே, மச்சான். அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுகிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதைத் துருவிக் கேட்காமல் நம்பப் பார்க்கிறேன். முடியவில்லை.