அட்டையில் கூடிப்போன ஓட்டை

14.8.1979, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

எங்கள் தறியில் புடவைக் கரையின் பூ, அட்டைகளில் இருக்கும் ஓட்டைக்குத் தக்கபடிதான் விழும். போன வாரம் பழைய தாள்களை அடுக்கி, ரஃப் நோட்டு தைப்பதற்காக அப்பாவின் கை டிரில்லால் துளை போட்டேன். அடித்தாள் கிழியக் கூடாதென்று கீழே ஓர் அட்டையை வைத்தேன். அது கல்யாணப் புடவைக்கான அட்டை. துளை அதிலும் இறங்கிவிட்டது. ஒன்றுதானே என்று அடுக்கிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

இன்று பார்த்தால் ஒவ்வொரு பூவுக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி. அட்டை குத்தும் செல்வம் அண்ணனை அப்பா கூப்பிட்டார்.

"கண்ண எங்கடா வச்சிகினு குத்தின?"

"இது நான் குத்தினது இல்லீங்க. என் ஓட்டை சுத்தமா இருக்கும். இதுல பிசிறு பாருங்க."

"பொய் வேறயா? நாளையிலேருந்து வராத."

நான் பக்கத்திலேயே நின்றேன். போகும்போது செல்வம் அண்ணன் என் ரஃப் நோட்டை எடுத்து, துளையை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

காலையில் சொல்லிவிட வேண்டும். அப்பா அடித்தால் அடிக்கட்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டால்தான்...

யாரோ தெருக்கதவைத் தட்டுகிறார்கள். "ஐயா, நான் செல்வத்தோட சம்சாரங்க." அப்பா எழுந்து போகிறார். நான்