சுண்ணக்கட்டி

7-5-84, திங்கள்

முதல் நாளே தாமதம். எறையூரில் எட்டேகால் பஸ் வரவில்லை. அடுத்ததில் சர்க்கரை ஆலை ஷிஃப்ட் முடிந்தவர்கள் கூட்டம். ஒரு கையில் சேலை, ஒரு கையில் கம்பி, பெரம்பலூர் வரை அப்படியே.

ஆறு வாரக் கோடைப் பயிற்சி. எம்.ஏ., எம்.எஸ்ஸி. படிக்கிறவர்களுக்கு, அதிலும் வணிகம் படிக்காதவர்களுக்கு மட்டும். எங்களையெல்லாம் தொழில் முனைவோர் ஆக்கப்போகிறார்களாம். பதினான்கு பேர் வந்திருந்தோம், பெண்கள் மூவர். நடத்துகிறவர் அழகேசன் சார், மெட்ராஸ்காரர். என் முறை வந்ததும், “தமிழ் எம்.ஏ.வா? என்னம்மா விக்கப் போறீங்க, வெண்பாவா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். “வாங்க ஆள் இருந்தா விக்கிறேன் சார்” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

கடைசியில் நல்ல திட்டம் கொடுக்கிற ஒருவருக்கு டவுனை ஒட்டி ஒரு ஷெட்டும், பேங்குக்குச் சிபாரிசுக் கடிதமும். எனக்கு அது வேண்டும். எம்ப்ளாய்மென்ட் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் மூன்றாவது ஆள் இல்லை.

9-5-84

அண்ணி மறுபடி பல்பம் தின்கிறாள். ஆறாம் மாதம். அடுப்படியில் கையும் களவுமாகப் பிடித்தேன். “உங்கண்ணங்கிட்ட சொல்லாத புள்ள. நாக்கு கேக்குது, நான் என்ன செய்ய?” என்று சிரிக்கிறாள். நாளைக்கு ஒரு டப்பா வாங்கிவர வேண்டுமாம், கடைக்காரர் கேட்டால் பாடம் சொல்லிக்கொடுக்க என்று சொல்ல வேண்டுமாம். திருநீறு மடலும் வேகமாகக் காலியாகிறது. வீட்டில் பக்தி பெருகிவிட்டதென்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் இரண்டும் தங்கவில்லை. இது தங்க வேண்டும். அம்மா போன பிறகு இந்த வீடு வீடாக இருப்பது இந்த இருசம்மாளால்தான். என்னைவிட இரண்டே வயது மூத்தவள்.

12-5-84, சனி

எள்ளுருண்டை, கடலை உருண்டை என்று திட்டம் எழுதிக்கொடுத்தேன். கணக்குப் படிக்கிற பையன்கூட நன்றாக இருக்கிறது என்றான். சாப்பாட்டு நேரத்தில் அழகேசன் சார் தனியே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்ப அன்பாக:

“திங்கிற சாமான் வேண்டாம்மா. எந்தத் தெருவுலேர்ந்து வருதுன்னு கேப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நான் “சரிங்க சார்” என்றேன்.

ஏன் சரி என்றேன்? பஸ்ஸில் வரும்போது நூறு பதில் தோன்றுகிறது. அவர் கெட்டவர் இல்லை. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

15-5-84

கண்டுபிடித்துவிட்டேன்!

வகுப்பில் சார் எழுத எழுத சாக்பீஸ் ஒடிந்துகொண்டே இருந்தது. “இதக்கூட எங்கேர்ந்தோ கொண்டுவர வேண்டியிருக்கு” என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சுரீரென்றது. சாக்பீஸ்! எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளையும் தொடும், வாத்தியாரும் தொடுவார். யார் கை பட்டது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். யாரும் வாயில் வைக்கிற பொருளும் இல்லை.

தமிழில் அதற்குச் சுண்ணக்கட்டி என்று பெயர். எதில் செய்வது என்று பெயரே சொல்லிவிடுகிறது. சுண்ணாம்புக்கு அரியலூரை விட்டால் எங்கே போவது? நாலு வருஷம் தமிழ் படித்தது வீண் போகவில்லை.

18-5-84

தர்மராஜ் என்று ஒருவர், எம்.எஸ்ஸி. வேதியியல், திருமானூர்க்காரர். பினாயில் செய்யப்போகிறார். என் திட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “சாக்பீஸு சுண்ணாம்புல செய்யறதில்லீங்க. ஜிப்சம்” என்றார்.

“கடலைக்குப் போடுவாங்களே, அதா?”

“அதேதாங்க. வறுத்து மாவாக்கணும்.”

“அப்ப ஏன் சுண்ணக்கட்டின்னு பேரு?”

“பேரு வெச்சவருக்குத் தெரியல போலிருக்குங்க.”

எனக்கு வந்ததே கோபம். பெயர் வைத்தவருக்குத் தெரியாதாம், திருமானூர்க்காரருக்குத் தெரியுமாம்! இருப்பது ஒரே ஷெட். என்னைக் கடலை உரம் வாங்க அனுப்பிவிட்டு அவர் அதில் பினாயில் காய்ச்சுவார். நான் அவ்வளவு ஏமாளி இல்லை.

21-5-84, திங்கள்

லீவு சொல்லிவிட்டு அரியலூர் போய்ச் சுண்ணாம்புக் காளவாயில் ஒரு மூட்டை கல்சுண்ணாம்பு வாங்கிவந்தேன். கொல்லையில் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துப் பொங்கி அடங்கியது. அண்ணனின் பழைய வேட்டியில் வடிகட்டி, மைதா பசை சேர்த்துப் பிசைந்தேன். அச்சுக்குப் பப்பாளி இலைத் தண்டு. உள்ளே துளையாகத்தானே இருக்கிறது, நெடுக்கில் கீறி, மாவை அடைத்து, நூலால் கட்டிவிட்டால் போதும். இது யார் சொல்லியும் தெரிந்துகொண்டதில்லை.

24-5-84

எழுதுகிறது! சோற்றுப் பானையின் கரிப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். கொளஞ்சியம்மாள், எம்.ஏ. பளிச்சென்று. கொஞ்சம் கீறுகிறது, பரவாயில்லை.

அண்ணி முறத்தில் காய்ந்துகொண்டிருந்ததில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். “மழ பேஞ்ச செவுரு மாரி வாசன வருது புள்ள” என்றாள். பல்பம் தீர்ந்துவிட்டது என்றும் சொன்னாள். நாளைக்கு வாங்க வேண்டும்.

28-5-84

விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டேன். தொழில் என்றால் கை தேயத்தான் செய்யும்.

பூலாம்பாடி பள்ளிக்கூடத்தைச் சேர்க்கைக்காகத் திறந்து வைத்திருந்த சின்னம்மாள் டீச்சரிடம் நூறு துண்டு கொடுத்தேன், எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. பதினொன்றாம் தேதி பள்ளி திறந்ததும் சொல்கிறேன் என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரு கடிதம் கொடுத்தால் ஷெட் எனக்குத்தான்.

அண்ணி கேட்ட பல்பம் இன்றும் மறந்துவிட்டது.

2-6-84

அண்ணிக்கு வாய் வெந்துபோச்சு. பெரம்பலூர் ஆஸ்பத்திரி. எழுத முடியல.

3-6-84, ஞாயிறு

நேற்று நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணி தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பேச முடியவில்லை. உதடெல்லாம் வெள்ளையாக உரிந்திருந்தது. ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரை அண்ணன் நிறுத்தி ஏற்றினான். வழியெல்லாம் அவள் ஒரு கையை வயிற்றிலேயே வைத்திருந்தாள்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை வரைக்கும் கொப்புளம். கோபமாகக் கேட்டார்: “வெத்தலைக்கு இவ்வளவு சுண்ணாம்பா போடுவீங்க?”

சுண்ணாம்பு.

எனக்கு அந்த ஒரு சொல் போதும். அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவள் வெற்றிலையே போடமாட்டாள்.

பிள்ளையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறதாம். மூன்று நாள் பார்க்க வேண்டுமாம்.

இன்று காலை சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். முறத்தில் நடுவில் ஒரு வரிசை இல்லை. ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து என் சாக்பீஸ் ஒன்றைப் போட்டேன். ஆரத்தித் தண்ணீராகச் சிவந்தது. வகுப்பிலிருந்து கொண்டுவந்த துண்டை இன்னொரு கிண்ணத்தில் போட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

இதற்கு எம்.எஸ்ஸி. வேண்டுமா? சுண்ணாம்பு கூடினால் வாய் வேகும் என்று எனக்குத் தெரியாதா? ஆரத்தி கரைக்கத் தெரியாதா? அந்த மனிதர் வந்து சொன்னாரே! ஒரு பேரை நம்பி... ஐயோ, எனக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு. பல்பம் வாங்கியான்னுதான கேட்டா. நான் வாங்கியாந்திருந்தா?

5-6-84

அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறின பால் மட்டும், அதையும் சிறுகச் சிறுக. “ஒனக்கு எதுக்குடி வெத்தல? ரெண்டு போனது பத்தாதா?” என்று அண்ணன் திட்டினான். அவள் வாய் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு வாயில் ஒரு புண்ணும் இல்லை.

7-6-84

இன்றும் சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி திட்டம் சொல்லும் நாள். சொன்னால் அண்ணன் பயிற்சிக்கே அனுப்பமாட்டான். அதுவரை பொறுத்து, பிறகு சொல்லிவிடலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. இப்படி ஒரு மனசு எனக்குள் இருந்தது இத்தனை நாள் எனக்கே தெரியாது.

8-6-84

இன்றும் இல்லை.

10-6-84, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தவன் மறுபடி அவளைத் திட்ட ஆரம்பித்தான். அவள் குனிந்துகொண்டு அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. “அது வெத்தல இல்லண்ணா. என் சாக்பீஸு. அண்ணி பல்பம்னு நெனச்சுத் தின்னுருக்கு” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். முதலில் அண்ணியிடம்தான் கேட்டான்: “நீ பல்பம் திம்பியா? எனக்கு ஏன் சொல்லல?” குரல் ஒரு மாதிரி இருந்தது.

அண்ணி எட்டு நாள் கழித்து முதல் தடவையாகப் பேசினாள். குழறிக் குழறி: “அது படிச்ச புள்ளங்க. வேணும்னா செஞ்சிச்சு?”

பிறகு அண்ணன் என்னிடம் திரும்பினான். “பாப்பா, எந்த ஸ்கூலுக்கும் ஒண்ணும் குடுக்கலியே?”

எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன்.

நாளைக்குத்தான் பூலாம்பாடி பள்ளி திறக்கிறது. நூறு துண்டு. ஒன்றாம் வகுப்பு. பல்பம் தின்னாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? நான் தின்னவில்லையா? “யாரும் வாயில் வைக்கிற பொருளும் இல்லை” என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், நாலு பக்கம் முன்னால்.

11-6-84

முதல் பஸ்ஸுக்கு அண்ணனும் வந்தான். ஆலை ஷிஃப்டை விட்டுவிட்டான். நாங்கள் போனபோது மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். ஓடினேன். டீச்சர் என் சாக்பீஸால் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். “வாம்மா, நல்லாத்தான் எழுதுது” என்றார். நான் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார்.

பெட்டியில் தொண்ணூற்றேழு. டீச்சர் கையில் இருந்தது ஒன்று, மேஜையில் ஒன்று. இன்னொன்று? அண்ணன் முட்டி போட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் “வாயக் காட்டு கண்ணு” என்று கேட்டுக்கொண்டே போனான். கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை கையை மூடி வைத்திருந்தது. உள்ளே முழுத் துண்டு, நனையாமல். தங்கச்சிக்குத் தரலாம் என்று எடுத்ததாம்.

பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். “வுடு” என்றான். அவ்வளவுதான்.

12-6-84

தர்மராஜிடம் போய், “நீங்க சொன்னப்ப ஷெட்டுக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன்” என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. “அப்படியாங்க நெனச்சீங்க?” என்று மட்டும் கேட்டார்.

15-6-84, வெள்ளி

பேங்க் மேனேஜர் உட்பட நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தட்டில் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோனேன். என் சாக்பீஸைப் போட்டேன். சிவந்தது. நடந்ததைச் சொன்னேன். அண்ணி பெயரைச் சொல்லவில்லை, மற்றதையெல்லாம் சொன்னேன். ஜிப்சத்தில் எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொன்னேன்.

அழகேசன் சார் மெதுவாக, “ஏம்மா, இதச் சொல்லாம ஜிப்சத்த மட்டும் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“திங்கிற சாமான் வேண்டாம்னீங்க சார். அதான் இதுக்கு வந்தேன். புள்ளைங்க இருக்கிற எடத்துல எல்லாமே திங்கிற சாமான்தான் சார்.”

அவர் தலை குனிந்துகொண்டார். இதைத்தான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இல்லை, அன்றைக்கு எனக்கும் தெரியாது.

ஷெட் தர்மராஜுக்கு. நியாயம்தான். வெளியே வந்தபோது அவரே வந்து நின்றார். “பாதி எடம் சும்மாதாங்க கெடக்கும். மாவு வறுக்கணும்னா வாங்க.”

19-8-84

பெண். அழுத அழுகை ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்டது. அண்ணனும்தான் அழுதான்.

27-1-85, ஞாயிறு

காலேஜ் இல்லாத நாளெல்லாம் ஷெட்டில்தான் போகிறது. ஒரு மூலையில் பினாயில் வாசனை, ஒரு மூலையில் என் வெள்ளைப் புழுதி. ஜிப்சம் மாவு கரைத்து ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடுகிறது. விரல் வெடிப்பதில்லை. பெட்டியின் மேல் சுண்ணக்கட்டி என்று எழுதவில்லை. ‘எழுதுகட்டி’ என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். தர்மராஜ் படித்துவிட்டு, “இந்தப் பேரு பொய் சொல்லலீங்க” என்றார்.

இன்று முதல் பெட்டிகளைக் கட்டினோம். நாளைக்குப் பூலாம்பாடிக்குப் போகிறது. சின்னம்மாள் டீச்சர்தான் கேட்டு எழுதியிருந்தார். அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள். நான் வழக்கம்போல ஒன்றை எடுத்து நுனியைக் கடித்து மென்றேன். ஒவ்வொரு தடவை ஊற்றியதிலும் ஒன்றைத் தின்று பார்க்காமல் நான் பெட்டியில் அடுக்குவதில்லை. அண்ணிக்கு இது தெரியாது.

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த மீதியைப் பிடுங்கினாள். வேண்டாம் அண்ணி என்று சொல்வதற்குள் வாயில் போட்டுவிட்டாள். அவள் மெதுவாக மென்றாள், நின்றாள், மறுபடி மென்றாள், விழுங்கினாள்.

“எரியல புள்ள” என்றாள்.