தலை குனிந்த மெழுகுவத்திகள்

அக்கா,

இன்று காலை புது மெழுகுப் பாளத்தின் உறையைப் பிரித்தேன். மண்ணெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம் போல அந்த லேசான வாசனை. உடனே நீ வந்துவிட்டாய்.

இறால் உரிப்பதை விட்டுவிட்டு நாம் மெழுகுவத்தி வார்க்க இறங்கிய புதிது. பாரஃபின் மெழுகைக் கச்சா எண்ணெயிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று பயிற்சியில் சொன்னதும், "அப்ப இது பெட்ரோலுக்கு உறவா?" என்று பயந்து அடுப்பைச் சுற்றி மூன்று வாளி மணல் வைத்தாய். மாமாவைப் பீடியோடு ஏரிக்கரைக்கே விரட்டினாய்.

முதல் ஆர்டர் மாதா கோயில் திருவிழாவுக்கு. மெழுகு வாங்கப் போனபோது பொன்னேரிக் கடைக்காரர், "கெட்டியா, சாஃப்டா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய், நான் கூரையைப் பார்த்தேன். என்ன வித்தியாசம் என்று கேட்க இருவருக்கும் வெட்கம்.

"சாஃப்டாவே குடு நைனா" என்றாய், இட்லி வாங்குவது போல.

திருவிழாவன்று மதிய வெயிலில், கோயில் தகரப் பந்தலுக்குள் நம் மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக வளைந்தன. ஃபாதர், "என்னம்மா இது?" என்றார்.

"சாமி முன்னாடி தலை குனிஞ்சுதானே ஃபாதர் நிக்கணும்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் பவனிக்குக் கடையில் வாங்கிய மெழுகுவத்திதான் போனது. வீட்டுக்கு வந்து நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாய்.

மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனோம். "அது காகிதத்துலயும் அட்டைப்பெட்டியிலயும் தண்ணி ஏறாம பூசுற மெழுகும்மா. வத்திக்குக் கெட்டிதான்."

"இத்தினி தினுசு இருக்குனு சொல்ல வேணாமா?"

"நீங்க கேக்கலியே!"

வீட்டுக்குப் போகும் பேருந்து திருப்பாலைவனத்தைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய். "இனிமே புரியலைன்னா புரியலைனு சொல்லிடணும்டி" என்றாய். கெட்டி மெழுகில் புதிதாக வார்த்து, ஃபாதரிடம் உண்மையைச் சொல்லி, அவற்றைக் கொடுத்தாய். அடுத்த வருட ஆர்டரும் நமக்கே வந்தது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைக் காட்டி இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார். மாமா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நீ மட்டும் கையை உயர்த்தினாய்.

"புரியல டாக்டர். நாள் கம்மினு சொல்றியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆமாம்மா" என்றார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று நீ சிரித்தாய். அதன்பின் உனக்கு மிஞ்சிய ஒரு மாதத்தில், யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ எல்லாவற்றையும் சொல்லி முடித்தாய்.

இப்போது பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் நான் கையை உயர்த்துகிறேன், அக்கா. "புரியல, இன்னொரு தபா சொல்லுங்க" என்கிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.