நடுங்கும் கையும் பென்சில் கோடும்

3 ஜூன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் நேரம் சரியில்லை. பத்து நாளாக வலது கை நடுங்குகிறது. பிரஷ்ஷைப் பிடித்தால் கடை போர்டில் கோழிக் கிறுக்கல்தான் விழுகிறது. இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஜூலை ஒன்றாம் தேதி அம்மாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டம்ளரையே பிடிக்க முடியாதவன் முழங்கால் வலிக்காரியை எப்படித் தாங்கிப் பிடிப்பான்? இன்னும் ஆறு மாதம் நீயே பார்த்துக்கொள். உன் புது வேலை எங்கே ஓடிவிடப் போகிறது? உனக்கு எப்போதுமே அவசரம்தான்.

கை முடியாத,
அண்ணன்

9 ஜூன்

அண்ணா,

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போர்டு எழுதுகிறவன் இல்லையா, நடுங்கி எழுதுவதற்கும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். அழிக்க மறந்துவிட்டாய். உன் நடுக்கமெல்லாம் கோட்டைவிட்டு இம்மியும் விலகாமல் வரிசையாக நிற்கிறது. என்னைக் குறை சொன்ன வரியில் அந்த நடுக்கமும் இல்லை, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராக என்னை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறை அம்மாவின் முழங்காலுக்காக வேண்டாம் என்றேன். ஒன்றாம் தேதி சேராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். அங்கே எனக்குக் கொடுக்கும் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவோ வாசலில் இரண்டு படி ஏறவே என் தோளைப் பிடிக்கிறாள். பத்து மாதமாகத் தைலம் தேய்த்து என் கையே நாறுகிறது.

உன் லட்சணம் தெரியட்டும் என்று கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பிள்ளைக்குக் கை முடியலையா? நான் போய்ப் பாத்துக்கிறேன்" என்று பெட்டியை எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிடுகிறேன். வந்து இறக்கிக்கொள்.

பொறுமை போன,
தங்கை

22 ஜூன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோடு போடாமல் எழுதுகிறேன். அம்மா வாடிக்கையாளர்கள் முன்னால் எனக்குச் சோறு ஊட்டிவிடுகிறாள். பிரஷ்களைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பள்ளிக்கூட போர்டு 'பள்' என்றே நிற்கிறது. கை சரியாகிவிட்டது என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

இன்னொன்று. உனக்குத் தெரியக்கூடாது என்றாள், எனக்கு மனசு கேட்கவில்லை. என் மாடியறைக்குப் பதினெட்டுப் படி. டீயை எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு முறை ஏறி வருகிறாள், கைப்பிடியைக்கூடத் தொடுவதில்லை. "முழங்கால் என்னாச்சு?" என்று கேட்டேன். "வலிக்குதுன்னாத்தானே அவ என்னை விட்டுப் போகமாட்டா. நீ மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்றாள்.

இப்படிக்கு,
அண்ணன்

2 ஜூலை

அண்ணா,

நேற்று வேலையில் சேர்ந்துவிட்டேன். மிச்சமிருந்த தைலத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவள் முழங்காலுக்கு நீ தேய், உன் கைக்கு அவள் தேய்க்கட்டும்.

பத்து மாதம், அண்ணா. தினமும் இரண்டு வேளை அந்தக் காலைப் பிடித்தேன். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இருந்திருப்பேனா என்று என்னையும் கேட்டுப் பார்க்கிறேன்.

இங்கே சமையலறையை அடுத்து ஒரு சின்ன அறை இருக்கிறது. அம்மாவுக்குக் கட்டில் போட்டுவிட்டேன். மூன்று மாடிக்கும் சேர்த்து ஐம்பத்து நாலு படி. ஏறி வரச் சொல். தோள் கொடுக்க நான் கீழே இறங்கமாட்டேன்.

தங்கை