நீ தைத்த பெல்ட்

மச்சான்,

இன்று காலை தையல் மெசின், தோலின் அடிப்பக்கத்தில் நூலை வளையம் வளையமாகத் தள்ளியது. நான் இப்போது கலேவெலயில் ஒரு செருப்புக் கடையில் வேலை செய்கிறேன். பக்கத்து மெசின்காரர் எழுந்து வந்து, கேட்காமலேயே மேல் நூலின் திருகை இறுக்கப் போனார். அவர் கையைத் தள்ளிவிட்டுத் திருகைக் கழற்றினேன். நூலைப் பிடிக்கிற இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் மெழுகு அடைத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டியதும் மெழுகுதிரி வாசம் வந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வெளியே போய் பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான். உலகம் இப்படி நடந்துகொண்டிருப்பது எனக்கு இன்னும் புரியவில்லை. நீ செத்துப் போனாய் என்பதை ஒவ்வொரு நாளும் யாரோ முதல்முறையாக வந்து சொல்வதுபோல் இருக்கிறது.

மாத்தளையில் நாம் வேலை செய்த தோல் பட்டறையிலும் அதே வாசம்தான். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியதால் வெளிநாட்டு நூல் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. கிடைத்த உள்ளூர் நூல் தடித்த தோலில் போய் வரும்போதே பிரிந்தது. மெழுகு பூசினால்தான் தாங்கும். தேன்மெழுகுக்கு எங்கே போவது? மிச்சம் மீதி மெழுகுதிரிகளை உருக்கிப் பூசினோம். அந்த மெழுகு நூலில் நிற்காது. தட்டுகளுக்குள் உதிர்ந்து அடைத்துக்கொள்ளும். தட்டு மூடாது, மேல் நூல் தொளதொளவென்று ஓடும், அடியில் வளையம் விழும். உடனே எல்லோரும் திருகைத்தான் இறுக்குவோம். இறுக்க இறுக்க ஒன்றும் நடக்காது. பிறகு மெழுகு பொட்டென்று உதிரும், தட்டு கவ்வும், நூல் அறும். முதலாளி நம்மைத் திட்டுவார். நாம் அரசாங்கத்தைத் திட்டுவோம்.

"தொண்டையில முள்ளு மாட்டுனவனுக்குக் காதத் திருகுனா சரியாப் போகுமாடா?" என்று நீ கேட்டாய். பட்டறையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

அந்தத் தேயிலைத் தோட்டத்து பெல்ட் வேலை வந்தது ஞாபகம் இருக்கிறதா? நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற பெல்ட். இரண்டு தோலைச் சேர்த்துத் தைத்து வளையம் வைப்போம். அதில் கயிற்றைப் போட்டு மேல் கிளையில் கட்டிக்கொள்வார்கள். தோட்டத்து லொறி வாசலில் நின்றது. முடித்து வைத்திருந்தவற்றை நீ திருப்பிப் பார்த்தாய். அடியில் வளையங்கள். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாய். வாழைநார் மாதிரித் தையல் பிரிந்து வந்தது.

முதலாளி சொன்னார்: "மெல்லிசுத் தோல் ஒன்ன அடியில ஒட்டிக் குடுங்கடா. மரத்துல ஏறுறவன் பெல்ட்டத் திருப்பிப் பாக்கவா போறான்?"

"அவன் பாக்க மாட்டான் மொதலாளி. விழுந்த பொறகு நம்மதான் பாக்கணும்" என்றாய்.

"தோட்டத்தான் புத்தி. ஒன் மாமன் மச்சான் கட்டப் போறான்னு ஒனக்கு இந்த அக்கறை."

"ஆமா. எங்க ஆளுங்க ஒடம்புல எலும்பு இருக்கு மொதலாளி."

பிளேடை எடுத்து அத்தனையையும் பிரித்தாய். லொறி வெறுமனே திரும்பிப் போனது. அவ்வப்போது நிறுத்தி, தட்டைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் புதிதாகத் தைத்தாய். மேலும் கீழும் ஒரே மாதிரித் தையல். இரண்டு நூலும் கோத்துக்கொள்கிற முடிச்சு தோலின் நடுவில் புதைந்திருந்தது. பெல்ட்டுகள் போய்ச் சேர்ந்த மறுவாரம் முதலாளி உன்னைக் கூப்பிட்டார்.

"ஒனக்கு இந்தியா போகக் கடுதாசி வந்திருக்காமே. போறவனுக்கு இங்க எதுக்கு வேல?"

இந்த ஊர் மண்ணில் பிறந்தவனிடம் சொன்னார். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களான உங்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டுக்கொண்டன. அந்தக் காகிதத்தை ஒரு தோல் பட்டறைக்காரன்கூடக் கத்தி மாதிரி உன் கழுத்தில் வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கப்பல் தேதி வரும்வரை சும்மா இருக்க முடியாது என்று தோட்டத்திலேயே கிளை வெட்டப் போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தபோது சொன்னாய்: "நம்ம தச்ச பெல்ட்டுதான் மச்சான் கெடச்சிருக்கு. நல்லவேள, ஒழுங்காத் தச்சேன்." பிளேன்டீ குடித்துக்கொண்டே சிரித்தாய்.

பிறகு நடந்ததை, உன்னோடு கிளை வெட்டப் போனவன் உன் லயத்து வீட்டு வாசலில் வைத்துச் சொன்னான். மழை விட்ட காலை. வாகை மரத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தாயாம். "உள்ள ஒண்ணுமில்ல கங்காணி, பொந்தா இருக்கு" என்றாயாம். "ஏறாட்டி இன்னிக்கிப் பேரு இல்ல" என்றாராம் கங்காணி. பெயர் விழாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. ஏறினாய். கயிறு கட்டிய பெருங்கிளை அடியோடு பிளந்தது. கயிறு அறவில்லை, பெல்ட் அறவில்லை. கிளை உன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

தோட்டத்து ஆபீசில் விசாரணை என்றார்கள். முதலாளி என்னைக் கூட்டிப் போனார். "பெல்ட்டப் பத்திக் கேப்பாங்க. நல்லதுன்னு சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டு இரு" என்றார் வழியில். தோட்டத்தை நடத்துகிற துரையின் மேசைமேல் பெல்ட் கிடந்தது. பக்கிளைச் சுற்றிச் சிவப்பு மண் அப்பியிருந்தது. துரை அதை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். பிறகு என் பக்கம் தள்ளினார். "நீங்க பாருங்க. நல்ல பெல்ட்தானே?"

திருப்பிப் பார்த்தேன். உன் கை, மச்சான். ஒரு தையல்கூடத் தவறவில்லை.

"பெல்ட் நல்லதுதான் தொரை" என்றேன். "மரம் எங்க? அதையும் கொண்டு வாங்க, இழுத்துப் பாப்போம்."

முதலாளி என் காலை மிதித்தார். கங்காணி சுவரைப் பார்த்தார். மரத்தை அறுத்துத் தேயிலை பெக்டரி அடுப்புக்கு அனுப்பியாகிவிட்டது என்று கிளார்க் சொன்னான். உன்னைப் புதைக்கும் முன்னாலேயே அறுத்திருக்கிறார்கள். துரை கிளார்க்கிடம் சொல்லி எழுதவைத்தார்: பெல்ட்டில் குறையில்லை. தொழிலாளி கவனமில்லாமல் தவறான கிளையில் கட்டியிருக்கிறான். தோட்டத்துக்குப் பொறுப்பில்லை. உன் அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. நீ வேலையை இழந்து நேராக்கிய தையலையே உனக்கு எதிரான சாட்சியாக்கினார்கள்.

உன் அம்மா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அவங்ககிட்ட ஏன் அந்த பெல்ட்ட நல்லதுன்னு சொன்னீங்க?"

"நல்லதுதாம்மா. நம்ம பையன் தச்சது."

"அறுந்திருந்தா கெள மட்டும் போயிருக்கும். அவன் அடிமரத்தப் புடிச்சிருப்பான்" என்றார். "ஏன்யா அவ்வளவு நல்லாத் தச்சான்?"

திரும்பி வரும் வழியில் பலாபத்வலயைத் தாண்டும்போது முதலாளி முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றார். வீட்டில் என் உம்மா ஏசினார். "மரத்தப் பத்தி ஒனக்கென்ன பேச்சு" என்று. உன் அம்மா போன மாதம் இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார். பார்த்தே இராத ஒரு நாட்டுக்கு, நீ இல்லாமல்.

எனக்கு மோசமாகத் தைக்க வராது. தட்டைத் துடைக்கிறேன், கீழ் நூலைப் பார்க்கிறேன், முடிச்சைத் தோலுக்குள் இறக்குகிறேன். கங்காணியும் துரையும் உன்னைக் கொன்றதற்குத் தையலை நோகக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மை. ஆனாலும் ஒரு செருப்பு வாரைத் தைத்து முடித்ததும் காலால் ஒரு நுனியை மிதித்து, மறுநுனியை முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்கிறேன். அறவில்லை என்றால் வேலை சரி. அறவில்லை என்றால் உன் அம்மா கேட்ட கேள்வி காதில் விழுகிறது.