சுவர் தாண்டிப் போன வளையம்

மதினி,

இன்று காலை வத்தல் எடுக்க உங்கள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மிளகாய் நெடிக்கு அடியில் அந்தக் கேப்சூல் வாசனை இன்னும் இருக்கிறது. தும்மிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "கொழுந்தனாருக்கு மூக்கு மட்டுந்தான் ஒழுங்கா வேல செய்யுது" என்றிருப்பீர்கள்.

நம் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் அதுதான் மருந்து டப்பா. டிஸ்பென்சரியில் கொடுத்த கேப்சூலில் இரண்டு மூன்றை விழுங்குவார்கள். சூடு இறங்கியதும், அடுத்த வீட்டுக்கு ஆகட்டும் என்று மிச்சத்தை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். குழம்புக் கிண்ணம் போலவே அதுவும் சுவர் தாண்டிப் போகும். "டாக்டரம்மா" என்று நான் கூப்பிட்டால், "ஃபீஸ எடுத்து வையும்" என்று கை நீட்டுவீர்கள்.

அந்த மழைக்காலத்தில் உங்கள் தங்கச்சி, என் வீட்டுக்காரி, டைபாய்டில் விழுந்தாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வழக்கமான மருந்தை முழு அளவு கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. நான் என்ன கேலி பேசினாலும் அவள் முகம் அசையவில்லை. எனக்குக் கேலியும் வராமல் போனது அப்போதுதான்.

புதிதாக வந்திருந்த மலையாளி டாக்டர் நம் இருவரையும் கூப்பிட்டார். "இந்தக் கிருமி இந்த மருந்துக்குச் சாகாது. கோட்டயத்துல இருந்து வேற மருந்து வரணும்" என்றார். வீட்டில் என்ன மருந்து சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நீங்கள் டப்பாவைப் பற்றி ஒளிக்காமல் சொன்னீர்கள்.

அவர் உங்கள் கண்ணாடி வளையலைக் காட்டினார். "கிருமிக்குள்ள ஒரு நீள நூல் உண்டு. அதோட பிழைப்பு அதுல எழுதியிருக்கு. சிலதுல தனியா, இதுபோல ஒரு சின்ன வளையம். மருந்தத் தோக்கடிக்கிற வித்தை அதுக்குள்ள இருக்கலாம். பக்கத்துக் கிருமியத் தொட்டு, வளையத்துக்கு நகல் எடுத்துக் கொடுத்திடும். ரெண்டுகிட்டயும் இருக்கும். மனசிலாயோ?"

"பெத்த பிள்ளைக்குத்தான சார் குடுக்கும்? பக்கத்து வீட்டுக்காரனுக்குமா?" என்றேன்.

"வேற இனத்துக்கும் கொடுக்கும். வயித்துல சும்மா கிடக்கிற கிருமி, டைபாய்டு கிருமிக்குக் கொடுக்கும்."

"அப்ப நம்மள விட நல்ல சாதிதான்." நீங்கள் என் விலாவில் இடித்தீர்கள்.

மருந்து உள்ளே போகப் போக வளையம் இல்லாதவை சாகும், இருப்பவை அந்த இடத்தில் பெருகும் என்றார். தேவையில்லாமலோ அரைகுறையாகவோ விழுங்கினால் இது இன்னும் வேகமாக நடக்குமாம். சில துண்டுகள் வளையத்திலிருந்து தாவி நூலிலேயே உட்கார்ந்துகொள்ளுமாம். ஒரு கிருமியிடம் இருப்பதில் பெரும்பகுதி பிறந்த வீட்டுச் சீதனம் என்றால், மிச்சம் பக்கத்து வீட்டு இரவல். இரவல் வாங்கி வாங்கியே அதன் வம்சம் மாறுகிறது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

"அப்ப எங்க டப்பாதான் அதுகளுக்குப் பள்ளிக்கூடமா?" என்றீர்கள், மெதுவாக.

"உங்க டப்பா மட்டுமில்ல. எல்லா ஊர்லயும் டப்பா உண்டு."

புது மருந்து நம் பக்கத்து டவுன் வண்டிப்பெரியாருக்குப் பஸ்ஸில் வந்தது. காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கஞ்சி கேட்க ஆரம்பித்ததும் அவள், "போதும்க்கா, மிச்சத்த எடுத்து வையி" என்றாள். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து, "வாயத் தொற. இது மிச்சம் வைக்கிற சோறில்ல" என்றீர்கள். டப்பாவில் இருந்ததையெல்லாம் டாக்டர் மேசையில் கொட்டிவிட்டு வந்து, அதில் வத்தல் போட்டு வைத்தீர்கள்.

லயத்தில் முணுமுணுத்தார்கள். "குடுத்துப் பழகின கை இறுகிப்போச்சோ" என்று வாசலில் நின்றே ஒருத்தி கேட்டாள்.

"குழம்பு கேளு, தாரேன். கேப்சூல் கேக்காத."

அதன் பிறகு காய்ச்சல் வந்த வீட்டுக்கெல்லாம் தண்ணீர் டம்ளரோடு போனீர்கள், கடைசிக் கேப்சூல் இறங்கும் வரை. கேப்சூல் போலீஸ் என்று பேர் வைத்தவன் நான். அந்தப் பேர் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது.

இன்றைக்கும் அடுத்த வீட்டு ஃபேக்டரிக்காரன் கேப்சூல் பொட்டலத்தோடு வந்தான். "அண்ணே, சுகமாயிட்டு. மிச்சம் உங்க வீட்டுல இருக்கட்டும்" என்றான். தண்ணீர் மொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தேன். திட்டினான். நான் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வயிற்றில் பிறக்காத எனக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், மதினி. அவன் விழுங்கினான். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். நாளைக்கும் போவேன்.