எதை வைத்துத் தொடங்குவது, லோர்கன்?

குவில்ட்டி, கிளேர்
14 செப்டம்பர் 1986

அன்புள்ள லோர்கன்,

நலமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை விட்டபாடில்லை. கொல்லைக் கதவு உப்பிப்போய், தோளால் இடித்தால்தான் திறக்கிறது.

தொலைபேசி நிலையத்தை மூடிவிட்டார்கள். இனி எல்லாம் தானியங்கியாம். இத்தனை வருஷம் ஊர் முழுக்க லண்டன் இணைப்புப் போட்டுக் கொடுத்தேன். என் புருஷன்தான் ஒரு நாளும் கூப்பிடவில்லை.

வேலை போனதிலிருந்து கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. துடைத்த மேசையையே மறுபடி துடைக்கிறேன். அதனால் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. டப்ளின் பைப் சங்கத்துக்கு எழுதி, நீ வாசிக்கிற அதே பைப் வாத்தியத்தில் ஒரு பயிற்சி செட் இரவல் வாங்கியிருக்கிறேன். பை, துருத்தி, வாசிக்கும் குழல், அவ்வளவுதான். சுருதிக்குழல் கிடையாது.

எதை வைத்துத் தொடங்குவது என்பதுதான் குழப்பம். அவர்களிடம் மூன்று இருக்கின்றன. தடித்த புத்தகம் ஒன்று, முழுக்க இசைக்குறிப்பு. படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று, எந்தத் துளையை எந்த விரல் மூடவேண்டும் என்று கறுப்பும் வெள்ளையுமாகக் காட்டுகிறது. மூன்றாவது ஒரு கேசட். வீட்டிலேயே பைப் வாசிக்கிறவன் இருந்தும் கடைச்சரக்கைப் பற்றிக் கேட்கிறேன் பார். எதை வாங்கட்டும்?

உன்
நெஸ்ஸா


கிரிக்கிள்வுட், லண்டன்
5 அக்டோபர் 1986

என் நெஸ்ஸா,

எதையும் வாங்காதே. காகிதத்தைப் பார்த்து யாரும் பைப் கற்றதில்லை. முதலில் ஆறு மாதம் தகர விசிலை, அந்த ஆறு துளைக் குழலை, ஊது. விரல் பழகட்டும். துருத்தியைத் தொட்டால் முதுகு வலிதான் மிச்சம். சீவாளியை மட்டும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே. காய்ந்தால் வாய் பிளந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், நானே சொல்லித் தருகிறேன். அதுவரை பெட்டியை மூடி வை. இங்கே வேலை அதிகம். அறையை மாற்றவேண்டியிருக்கும். புது முகவரி எழுதுகிறேன்.

லோர்கன்


குவில்ட்டி
9 நவம்பர் 1986

அன்புள்ள லோர்கன்,

ஜூலையில் மில்டவுனில் பைப்காரர்கள் கூடுகிற வாரத்துக்கு வருகிறேன் என்றாய். வரவில்லை. ஆகையால் பெட்டியை மூடவில்லை.

கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்தவள், குறிப்பு படிக்கத் தெரியுமே என்ற திமிரில் தடித்த புத்தகத்தை வாங்கினேன். மூன்றாம் பக்கத்திலேயே முழு ரீல் நடன மெட்டு ஒன்றைக் கொடுத்து வாசி என்கிறது. துருத்தியை எந்த முழங்கைக்குக் கீழே கட்டுவது என்றுகூட எங்கும் எழுதவில்லை. எழுதியவர் பிறக்கும்போதே கட்டிக்கொண்டு பிறந்திருப்பார் போல.

வலது கை துருத்தியை அமுக்கினால் இடது கை பையை மறந்துவிடுகிறது. பையை நினைத்தால் விரல் துளையை விட்டு நழுவுகிறது. மேல் ஸ்தாயிக்குப் போக அமுக்கினால் கிறீச்சென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பெக் மாரினன் வேலிமேல் எட்டிப் பார்த்து, "ஏன் நெஸ்ஸா, கன்னுக்குட்டி எதுலயாச்சும் மாட்டிக்கிச்சா? நான் வேணா வந்து இழுத்து விடட்டா?" என்கிறாள். "கன்னுக்குட்டி இல்ல பெக், நான்தான்" என்றேன். "அட கடவுளே, அப்போ டாக்டரத்தான் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது மெல்லிய புத்தகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நீ ஒன்றே ஒன்று செய். டேப்பில் அடி ஸ்வரத்திலிருந்து மேலே வரை மெதுவாக வாசித்து அனுப்பு. பாட்டு வேண்டாம். சரியான சத்தம் எப்படி இருக்கும் என்று காதில் விழுந்தால் போதும்.

நெஸ்ஸா


ஸ்பார்க்ஹில், பர்மிங்காம்
18 ஜனவரி 1987

நெஸ்ஸா,

கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு. இங்கே வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. டேப் பதிவு செய்யக் கருவி இல்லை. இரவல் வாங்கலாம் என்றால் சுவர் மெல்லியது, அடுத்த அறைக்காரன் சண்டைக்கு வருவான். சீவாளி வேறு காய்ந்து கிடக்கிறது. சங்கத்துக் கேசட்டையே வாங்கிக்கொள்.

குளிர் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

லோர்கன்


குவில்ட்டி
15 பிப்ரவரி 1987

லோர்கன்,

சுவர் மெல்லியது என்கிறாய். கல்யாணம் ஆன முதல் வருஷம் நாம் இருந்த ஒற்றை அறைக்குச் சுவரே பாதிதான் இருந்தது. வாசிக்காமல் ஒரு நாள் இருந்தாயா நீ?

கேசட் வந்தது. டப்ளின்காரர் ஒவ்வொரு பாட்டையும் ஒரு தடவை வேகமாக, ஒரு தடவை மெதுவாக வாசிக்கிறார். அவருடைய மெதுவே எனக்குக் குதிரை ஓட்டம். ஆனால் மெல்லிய புத்தகம் பரவாயில்லை. ஆறாம் பாடம் வரை பாட்டே இல்லை. காற்று, காற்று, வெறும் காற்று. இப்போது ஏழு ஸ்வரமும் வருகிறது. அடி ஸ்வரம் மட்டும் மூக்கடைத்த மாதிரி இருக்கிறது. அது என் விரலா, சீவாளியா என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

வாசித்து முடித்ததும் உட்கார முடியவில்லை. எழுந்து கடற்கரை வரை போகிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன். நேற்று பெக் என்னோடு நடந்து வந்தாள். "நான் சொல்றேன்னு தப்பா நெனக்காத. ஊர் ஊரா மாறிக்கிட்டு, வீட்டுக்கு மட்டும் வராத ஆம்பளைக்கு அங்க ஒருத்தி இல்லாமலா இருப்பா?" என்றாள். வாயை மூடு என்றேன். ஆனால் அதே கேள்வி எனக்குள்ளும் ரொம்ப நாளாக இருக்கிறது.

இருக்கிறாளா? ஆம் என்றால் ஆம் என்று எழுது. தாங்கிக்கொள்வேன். காரணம் காரணமாக அடுக்காதே.

நெஸ்ஸா


ஸ்பார்க்ஹில்
1 மார்ச் 1987

நெஸ்ஸா,

பெண் யாரும் இல்லை.

போன வருஷம் மார்ச்சில், மரம் அறுக்கிற இடத்தில், இடது கை மோதிர விரல் போய்விட்டது. அடியோடு போயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கல்யாண மோதிரத்தை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆறியதும் ஒரு தடவை பைப்பைக் கட்டிப் பார்த்தேன். அந்தத் துளையை மூட என்னிடம் எதுவும் இல்லை. கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மூன்று அறை மாறிவிட்டேன், அதுவும் கூடவே வருகிறது, திறப்பதில்லை. வாசிக்கிற லோர்கனைத்தான் நீ கட்டிக்கொண்டாய். இந்தக் கையோடு ஊருக்குள் எப்படி நுழைவது? நீ பைப் கற்கிறேன் என்று எழுதிய அன்று உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்கு வெட்கப்படுகிறேன்.

என் பைப் செட்டை ஒரு லாரிக்காரர் மூலம் அனுப்புகிறேன். நீ வைத்துக்கொள், அல்லது விற்றுவிடு. எனக்காகக் காத்திருக்காதே.

லோர்கன்


மிஸஸ் டோலன் கையில் கொடுத்தது
ஸ்பார்க்ஹில், சனிக்கிழமை

லோர்கன்,

பஸ், கப்பல், ரயில் என்று வந்து சேர்ந்துவிட்டேன். "அவரு வெளிய போயிருக்காரும்மா" என்று சொல்லிக்கொண்டே உனக்கு அறையை வாடகைக்கு விட்ட மிஸஸ் டோலன் மாடியை அண்ணாந்து பார்க்கிறார். பொய் சொல்லத் தெரியாத நல்ல மனுஷி.

எதிரே டீக்கடையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறேன். கடையை மூடும்வரை இருப்பேன். வேண்டாம் என்றால், இறங்கி வந்து முகத்துக்கு நேராகச் சொல்.

நெஸ்ஸா


ஸ்பார்க்ஹில்
29 மார்ச் 1987

என் உயிர் நெஸ்ஸா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று கடிதம் வந்தது. நிம்மதி.

அந்த டீக்கடையில் நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "மடையா! ஒருத்திகிட்ட தோத்துட்டேன்னு நெனச்சு ஒரு வருஷமா அழுதுக்கிட்டிருந்தேன். போயும் போயும் ஒரு விரல்கிட்டயா தோத்தேன்?" கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் ரொட்டிக்கு வெண்ணெய் கூடுதலாகத் தடவுகிறார்.

நீ விட்டுப்போன மெல்லிய புத்தகத்தைப் படித்தேன். நீ செப்டம்பரில் கேட்டதற்கு இப்போதுதான் பதில். இதுவே சரியான புத்தகம். எழுதியவர் ஆரம்பக்காரர்களின் அழுகையைக் கேட்டவர். ஒரு குறை: குழலின் அடியை முழங்காலில் கட்டும் தோல்பட்டையில் அழுத்து என்கிறார், அடி ஸ்வரத்துக்கு மட்டும் அதைத் தூக்கவேண்டும் என்று சொல்லவில்லை. உன் மூக்கடைப்பு அங்கேதான். அழுத்துவதை நிறுத்தி, மெதுவாகத் தூக்கிப் பார். கேசட்டை வேலை செய்யும்போது ஓடவிடு. கூடவே வாசிக்க முயலாதே. தடித்த புத்தகத்தை அடுத்த வருஷம் வரை எடுக்காதே. ஒரு நாளைக்கு அரைமணி போதும்.

வேலையை விடுவதாக மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை கப்பல். லாரிக்காரருக்கு வேலை இல்லை, செட்டை நானே தூக்கி வருகிறேன்.

ஆனால் நெஸ்ஸா, வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நீ துருத்தியைக் கட்டியதும் எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருக்கும் என்று பயமாக இருக்கிறது. ஓடினால் பின்னால் வராதே. நிறுத்தவும் செய்யாதே, வாசித்துக்கொண்டே இரு. கடற்கரை மதில் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

உன்
லோர்கன்